நெய் பூசிய வேல்

ஔவையார் ஒருமுறை தூது போனார். அனுப்பியவன் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. போன இடம் தொண்டை நாடு. அங்கே தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்துவிட்டு அவர் பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. இங்குள்ள படைக்கலங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் நிறைந்த மாளிகையில் இருக்கின்றன என்றார். எங்கள் அதியமானுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து, எந்நேரமும் கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்றார்.

வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணம் கேட்டால் தமிழாசிரியர்கள் முதலில் எடுப்பது இந்தப் பாட்டைத்தான். பள்ளிக்கூடத்தில் இதை ஒரு சாமர்த்தியம் என்று ரசித்தேன். இப்போது படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. ஔவை அதில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வேல்கள் மெய்யாகவே மின்னின. நெய் மெய்யாகவே பூசியிருந்தது. உள்ளதை உள்ளபடி புகழ்ந்துவிட்டு, பக்கத்தில் இன்னோர் உண்மையை எடுத்து வைத்தார். பழி அந்த இரண்டுக்கும் நடுவில் தானாகப் பிறந்தது.

தொண்டை நாடு என்பது இந்த மண்தான். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் எல்லாம் அதற்குள் அடக்கம். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அந்தத் தருமபுரியிலிருந்தும், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் ஒரு பையும் ஒரு சான்றிதழ் உறையுமாக இங்கே வேலைக்கு வருகிறார்கள். அதியமான் நாட்டிலிருந்து தொண்டைமான் நாட்டுக்கு நடக்கும் பயணம் நின்றபாடில்லை. ஔவை காட்டிய வழியில், உள்ளதை மட்டும் சொல்லிப் புகழ நானும் வந்திருக்கிறேன்.

இவை

ஒரகடத்துப் பெருமக்களே, உங்கள் படைக்கொட்டிலைப் பார்த்தேன். ஏரியும் வயலும் மேய்ச்சல் காடுமாக இருந்த பூமி இது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருட்டத் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் செய்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை, 2012-இல் பாரத்பென்ஸ் லாரிகள், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டுகிறார்கள். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் இன்று கன்டெய்னர் லாரிகள். ஒரு தலைமுறைக்குள் இதைச் செய்து காட்டியது பெரிய காரியம்.

உங்கள் சுத்தத்தைப் புகழ்கிறேன். கார் பெயின்ட் ஷாப்புக்குள் நுழைகிறவர் பஞ்சு உதிராத அங்கி போட்டு, தலைமுடி மூடி, காற்று பீய்ச்சும் சிற்றறையில் நின்று தூசு போக்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே போகலாம். உள்ளே காற்றழுத்தம் வெளியில் இருப்பதைவிடச் சற்றே கூடுதல். கதவு திறந்தால் உள்காற்று வெளியே போகும், வெளித்தூசு உள்ளே வராது. ஒரு துகள் ஒட்டினாலும் பெயின்ட்டில் பரு எழும்பிவிடும் என்று இவ்வளவு கவனம். எலெக்ட்ரானிக் பாகங்களைத் தொடுகிறவரின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி அதைப் பூமியோடு இணைத்திருக்கிறீர்கள். மனிதத் தோலில் தேங்குகிற, தொட்டால்கூடத் தெரியாத மின்னேற்றம் ஒரு சில்லைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

உங்கள் நினைவாற்றலைப் புகழ்கிறேன். ஒரு போல்ட் எவ்வளவு முறுக்கில் இறுகியது என்று முடுக்கும் கருவியே எழுதி வைத்துக்கொள்கிறது. பிரேக்கில் பழுது என்றால் அது எந்த சப்ளையருடைய சரக்கு, எந்தத் தொகுதி, எந்த நாள், எந்த ஷிப்ட் என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடிகிறது. சப்ளையரின் ஆலைக்கே ஆள் அனுப்பித் தணிக்கை செய்கிறீர்கள்.

உங்கள் அடக்கத்தையும் புகழ்கிறேன். மனிதர் தவறுவார் என்று ஒப்புக்கொண்டு, தவறவே முடியாதபடி வேலையை அமைக்கும் போகா-யோக்கே முறையை ஜப்பானிலிருந்து கற்றுக்கொண்டீர்கள். அதை வளர்த்தெடுத்த ஷிகியோ ஷிங்கோ அதற்கு முதலில் வைத்த பெயர் முட்டாளும் கெடுக்க முடியாத ஏற்பாடு என்று பொருள்படும். அந்தப் பெயரைக் கேட்டு ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட்டார் என்று தெரிந்ததும் பெயரையே மாற்றினார். லைனில் கோளாறு கண்டால் கடைசித் தொழிலாளியும் கயிற்றை இழுத்து விளக்கை எரியவிடலாம், மொத்த லைனும் நிற்கும் என்ற டொயோட்டாவின் ஆண்டன் ஏற்பாட்டையும் சேர்த்துக் கற்றீர்கள். குறையை மறைக்காதே, உடனே சொல், லைன் நின்றால் நிற்கட்டும் என்பது எவ்வளவு நேர்மையான பாடம்.

இவை உங்கள் வேல்கள். நெய் பூசி மின்னுகின்றன. ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

அவை

இனி இன்னொரு பட்டறையைச் சொல்கிறேன். அது அந்த மணிக்கட்டுப் பட்டை கட்டிய பெண்ணின் வயிற்றுக்குள் இருக்கிறது.

ஒரு நண்பரின் திசு ஆய்வகத்தில், பாடம் நடத்த வைத்திருந்த குடல் துண்டு ஒன்றை நுண்ணோக்கியில் காட்டினார். நெல் நாற்று போல நெருங்கி நிற்கும் குடல் செல்களுக்கு நடுவே அங்கங்கே சாயமேறி, பளிச்சென்ற செம்மையில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். அடியில் ஒடுங்கி, மேலே அகன்று, வாய்வரை நிரம்பிய கிண்ணங்கள். இவற்றுக்குக் கோப்பை செல் என்றே பெயர். சிறுகுடலின் தொடக்கத்தில் குறைவாக இருக்கும், கீழே போகப் போகக் கூடும், பெருங்குடலில்தான் மிகுதி. கிருமிகளின் கூட்டம் அங்கேதான் பெரிது. ஒரு மனித உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியா வாழ்வதாக 2016-இல் கணக்கிட்டார்கள். அவற்றில் மிகப் பெரும்பகுதிக்குப் பெருங்குடல்தான் வீடு.

இந்தச் செல் செய்யும் சரக்கு ஒன்றுதான், வழவழப்பான கோழை. அதன் முதுகெலும்பு மியூக்-2 என்ற புரதம். 5,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலி அது. செல்லுக்குள் அதைச் செய்யும் முறையை ஒரகடத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் அதுவும் ஒரு லைன்தான். முதல் கூடத்தில் சங்கிலி பின்னப்பட்டுச் சரியாக மடிக்கப்படும். அடுத்த கூடத்தில் அதன்மேல் சர்க்கரைக் கிளைகள் ஏற்றப்படும். முடிந்த சரக்கின் எடையில் பெரும்பங்கு அந்தச் சர்க்கரைதான். பிறகு நெருக்கி மடித்துப் பொட்டலம் கட்டி, கிண்ணத்தின் வாய்ப்பக்கம் அடுக்கப்படும். வெளியே விட்டதும் நீரை உறிஞ்சி நூறு மடங்குக்கும் மேலாக விரியும்.

விரிந்த கோழை பெருங்குடலில் இரண்டு அடுக்காகப் படிகிறது. மேலடுக்கு தளர்வானது, அங்கே கிருமிகள் குடியிருக்கலாம். செல்லை ஒட்டிய உள்ளடுக்கு இறுக்கமானது, அங்கே கிருமி நுழையாது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் இதைக் காட்டினார்கள். மியூக்-2 இல்லாமல் பிறந்த எலிகளில் அந்த இடைவெளியே இல்லை, பாக்டீரியா நேரே செல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. உங்கள் பெயின்ட் ஷாப்பின் காற்றைப் போலவே இந்தக் கோழையும் உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வெளியே உள்ளது உள்ளே வரக் கூடாது என்பதே அதன் வேலை. நீங்கள் பல கோடி செலவிட்டுக் கட்டிய சுத்த அறையை அந்தப் பெண் பிறக்கும்போதே கொண்டுவந்திருக்கிறாள்.

அந்தப் பட்டறையிலும் கோளாறு வரும். சங்கிலி தப்பாக மடிந்தால் முதல் கூடத்திலேயே சரக்கு தேங்கும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2008-இல் அறிவித்த வின்னி என்ற எலி வகையில், அந்த நீண்ட சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மாறியிருந்தது. அவ்வளவுதான். செல்லின் உட்கூடம் ஊதிப் பெருத்தது, பொட்டலங்கள் குறைந்தன, கிண்ணம் தன் வடிவத்தை இழந்தது, கோழை மெலிந்தது. எலிக்குத் தானாகவே குடல் புண்ணும் பேதியும் வந்தன. மனிதரிடம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி வந்தால், திசுவில் மருத்துவர்கள் தேடும் அடையாளங்களில் ஒன்று கோப்பை செல்கள் குறைந்துபோயிருப்பது. இருப்பவையும் நிரம்பாத கிண்ணங்களாக நிற்கும்.

சண்டையில் சிதைவதும் உண்டு. அதைத் தமிழர்கள் நுண்ணோக்கி வருவதற்கு முன்பே பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். சீதம் என்றார்கள், சீதபேதி என்றார்கள். மலத்தோடு சளி போலப் போவதைப் பாட்டி கவனித்தாள், ரத்தம் கலந்தால் ரத்தபேதி என்று பிரித்தாள். மோர் கொடுத்தாள், ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சினாள், மாதுளம்பழத் தோலை அவித்தாள். அவள் பார்த்தது கோப்பை செல்களின் போரை. கெட்ட தண்ணீரோடும் கெட்ட சோற்றோடும் பகை உள்ளே வரும்போது, கிண்ணங்கள் தம்மிடம் உள்ளதை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடுகின்றன. கோழை பெருக்கெடுத்துப் பகையை அடித்துக்கொண்டு வெளியே போகிறது. காலரா நஞ்சும் இந்தச் செல்களைக் கொட்ட வைக்கும். அந்த நோயாளியிடமிருந்து போகும் அரிசி கழுவிய தண்ணீர் போன்ற பேதியில் மிதக்கும் வெண்துணுக்குகளில் கோழை இருக்கிறது. காலரா நஞ்சை 1959-இல் உலகுக்கு நிறுவிக் காட்டியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. நம் ஊரில் ஒருவரைச் சபிக்க நினைத்தால் பேதியில போக என்றுதான் வாயில் வந்தது. அந்த வசவுக்குப் பின்னால் எத்தனை தெருக்களின் சாவு இருக்கிறது.

கொட்டித் தீர்த்த கிண்ணம் சுருங்கி, வற்றி, உருக்குலைந்து நிற்கிறது. நுனி முறிந்த வேல் அதுதான். அதற்கு நெய் பூச யாருமில்லை. ஆனாலும் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் குடலின் மேற்பரப்பு பழைய செல்களை உதிர்த்துவிட்டுப் புதியவற்றை வளர்த்துக்கொள்கிறது. அந்தக் கொல்லன் பட்டறை இரவும் பகலும் மூடுவதில்லை, அதற்கு வார விடுமுறை இல்லை. நான் மனமாரப் புகழ்வது இந்த உழைப்பைத்தான்.

டிசம்பர் 2021

இப்போது இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் வைக்கிறேன்.

2021 டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு விஷமானது. பூந்தமல்லிப் பக்கத்து விடுதி அது. 250-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு வாந்தியும் பேதியும். 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அது உண்மையில்லை. ஆனால் தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாத நிலையில் அதை நம்பாமல் இருக்க முடியவில்லை. டிசம்பர் 17 இரவும் 18 பகலும் அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். காவலர்கள் பலரைப் பிடித்து வைத்துப் பிறகு விட்டார்கள். 17,000 பேர் வேலை செய்த ஆலை மூடியது.

விடுதிக்குப் போன உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சமையற்கூடத்தில் எலிகளைப் பார்த்தார்கள், கழிவுநீர் சரியாக வடியாமல் இருந்ததைப் பார்த்தார்கள். சமையற்கூடத்தை மூடினார்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக ஒரே அறையில் தரையில் படுத்துத் தூங்கினார்கள் என்றும், சில கழிப்பறைகளில் தண்ணீரே வரவில்லை என்றும் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடியும் நேரத்தில் ஆப்பிள் நிறுவனம், சில விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தன் தர விதிக்கு ஏற்ப இல்லை என்று அறிவித்து, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மீண்டும் திறந்தது.

பெருமக்களே, ஒரு துகள் தூசு உள்ளே வரக் கூடாது என்று காற்றை வடிகட்டிய அதே ஏற்பாட்டில், அந்தப் போனைப் பூட்டிய கைகள் சோறு உண்ட அடுப்படியில் எலி ஓடியது. ஒரு போல்ட்டின் ஊரும் பேரும் தெரிந்த உங்களுக்கு அன்று ராத்திரி வெந்த பருப்பின் வரலாறு தெரியவில்லை. லைனில் யாரும் இழுக்கலாம் என்று கயிறு தொங்கவிட்டீர்கள். விடுதியில் கயிறு இல்லை, அதனால் அவர்கள் நெடுஞ்சாலையை இழுத்து நிறுத்தினார்கள். சீதம் போகிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு, “வயிறு சரியில்லக்கா” என்று மட்டும் வார்டனிடம் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். அவர்களை நடுரோட்டில் உட்கார வைக்க எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

அதே சாலையில் வேலூர்

அந்த நெடுஞ்சாலையிலேயே மேற்கே போனால், காஞ்சிபுரம் தாண்டி வேலூர் வரும். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அவர்களுடைய தோழர்களும் 1960-களில் தென்னிந்தியக் கிராமங்களில் பரவிய ஒரு விநோத நோயைத் துரத்தினார்கள். ஸ்ப்ரூ என்பது அதன் பெயர். பேதி வாரக்கணக்கில் நிற்காது, உண்டது உடம்பில் ஒட்டாது, ஆள் உருகிப்போவார். கொள்ளைநோய் போல ஊர் ஊராக வந்தது. அதைத் தேடிப்போன ஆராய்ச்சி இன்னொன்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நோய் எதுவும் இல்லை என்று நடமாடிக்கொண்டிருந்த கிராமத்து மக்களின் குடலும் குளிர்நாட்டார் புத்தகத்தில் வரைந்திருந்தது போல இல்லை. விரல் போல உயர்ந்து நிற்க வேண்டிய குடல் விரலிகள் தட்டையாகி, அகன்று, இலை போலவும் வரப்பு போலவும் இருந்தன.

நம் உடம்பே அப்படித்தான் போல என்று சிலர் நினைத்தார்கள். அதற்குப் பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. அதே காலத்தில் கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், தொண்டு செய்ய வந்த அமெரிக்க இளைஞர்களின் குடலைச் சோதித்தார்கள். நல்ல உடம்போடு வந்தவர்கள். சில மாதம் அந்த ஊர்த் தண்ணீரும் சோறும் உண்டபின் அவர்கள் குடலும் நம்மவர் குடல் போலவே மாறியிருந்தது. ஊர் திரும்பிய பிறகு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. இங்கிருந்து நியூயார்க் போய்க் குடியேறியவர்களின் குடலும் ஆண்டுகள் போகப் போகச் சீராவதைக் கண்டார்கள். குற்றம் உடம்பில் இல்லை, இடத்தில் இருந்தது. தண்ணீரில், கழிப்பறையில், கை கழுவ வசதி இருந்ததா இல்லையா என்பதில் இருந்தது. இன்று இந்த நிலைக்குச் சூழல் சார்ந்த குடல் நோய் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். விரலிகள் குறுகுவதோடு, கோழை சுரக்கும் செல்கள் குறைவதையும் அதன் அடையாளங்களில் சேர்த்து எண்ணுகிறார்கள்.

ஒரு நாள் கெட்ட சோறு என்றால் அந்தக் கொல்லன் பட்டறை ஐந்து நாளில் ஆற்றிவிடும். மாதக்கணக்கில் கெட்ட தண்ணீர் என்றால் ஆறுவதற்குள் அடுத்த அடி விழும். குடல் தான் இருக்கும் இடத்தைத் தன்மேல் எழுதி வைத்துக்கொள்கிறது. உங்கள் முடுக்கும் கருவியைப் போல அதற்கும் நினைவு உண்டு.

சோற்றுத் தட்டிலும் இதே கதை. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கேழ்வரகு விளையும் சீமை. களியும் கீரையும் அவரையும் கொள்ளும் உண்டு வளர்ந்த பெண் இங்கே வந்து, தீட்டிய வெள்ளைச் சோறும் காய் தேடும் சாம்பாருமாக மூன்று வேளையைக் கழிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்ச்சத்து அவளுக்கு உணவில்லை, அவள் குடலில் வாழும் பாக்டீரியாவுக்கு உணவு. மனிதக் குடலில் வாழும் 14 வகைப் பாக்டீரியாவை எலிகளில் குடியேற்றி, நார்ச்சத்து இல்லாத தீனி கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2016-இல் வெளிவந்தது. தீனி கிடைக்காத பாக்டீரியா திரும்பிக் கோழையின் சர்க்கரையையே மேய்ந்தது. வேலி மெலிந்தது. அதன்பிறகு வந்த நோய்க்கிருமிக்குக் கதவு திறந்திருந்தது. ஒரு கைப்பிடிச் சுண்டலும் ஒரு கரண்டிக் கீரையும் எவ்வளவு பெரிய மதிற்சுவர் என்று இதிலிருந்து தெரிகிறது.

இன்னொரு வார்த்தை, வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு. ரிலீவர் வந்தால்தான் எழுந்து போகலாம் என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். வயிற்றால் போனால் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலை உடனே குடியுங்கள். சீதமும் ரத்தமும் சேர்ந்து போனாலோ, வாரக்கணக்கில் நிற்காமல் இருந்தாலோ கூச்சம் பார்க்காமல் மருத்துவரிடம் அதே சொற்களில் சொல்லுங்கள். பாட்டி கூச்சப்படாமல் வைத்த பெயர் அது.

கடைசிப் புகழ்

நீங்கள் திருந்தியதையும் புகழ வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய குடியிருப்பை முதலமைச்சர் திறந்து வைத்தார். 706.50 கோடி ரூபாய், 18,720 பெண்கள் தங்கும் இடம். தரையில் படுத்தவர்களுக்குக் கட்டில் கிடைக்கிறது என்றால் அதைவிட நல்ல செய்தி இல்லை. மனதாரச் சொல்கிறேன், நல்ல காரியம்.

ஆனால் அந்தக் கட்டிடத்தைப் பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்துகிறது. இதைச் செய்ய உங்களுக்குத் தெரிந்திருந்தது. பணம் இருந்தது, ஆள் இருந்தது, நிலம் இருந்தது. எந்த ஆலையானாலும் குடிதண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீனும் வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே எழுதிவிட்டது. பெண்கள் விடுதிகளுக்கென்று தமிழ்நாட்டில் 2014-இல் தனிச் சட்டமே வந்தது. தெரியாமல் நடந்தது என்று சொல்ல உங்கள் திறமையே இடம் தரவில்லை. ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னத்தை அளக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு சாக்கடை அடைத்திருப்பது தெரியாமல் போகாது. பார்க்க வேண்டிய இடம் ஆலைக் கதவோடு முடிகிறது என்று முடிவு செய்தவர்களுக்கு மட்டுமே அது தெரியாமல் போகும். விடுதி கான்ட்ராக்டருடையது, பஸ் கான்ட்ராக்டருடையது, சோறு கான்ட்ராக்டருடையது. அந்தப் பெண்ணின் கை மட்டும் எட்டு மணி நேரம் உங்களுடையது. கையையும் குடலையும் இணைக்கும் ரத்தம் யாருடைய கணக்கில் வருகிறது?

உங்கள் மொழியிலேயே கேட்கிறேன். விடுதியின் தண்ணீர்க் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். ஷிப்டுக்கு ஒரு முறை அதை அளந்து, போல்ட்டின் முறுக்கை எழுதுவது போல எழுதி வையுங்கள். பருப்புக்கும் எண்ணெய்க்கும் தொகுதி எண் போடுங்கள். சமையற்கூடத்தைத் தணிக்கை செய்ய, சப்ளையரிடம் அனுப்பும் அதே ஆளை அனுப்புங்கள். சோறு புளித்திருக்கிறது என்று முதலில் சொல்லும் பெண்ணின் கையில் அந்த ஆண்டன் கயிற்றைக் கொடுங்கள், அவள் இழுத்தால் அடுப்பு அணையட்டும். போகா-யோக்கே என்பது ஒரு பெண்ணின் கண்ணீரைப் பார்த்துப் பெயர் மாறிய ஏற்பாடு. அதன் மற்றப் பாதியையும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஔவையின் பாட்டு வேல்களை ஒப்பிடுவதோடு நின்றுவிடவில்லை. பள்ளியில் முடிந்துவிட்டதாக நினைத்து நான் தாண்டிப்போன கடைசி அடிகளில்தான் அதியமானைப் பற்றி அவர் சொல்ல வந்ததைச் சொல்கிறார். அது வீரத்தைப் பற்றிய பேச்சே இல்லை, சோற்றைப் பற்றியது. நிறைய இருந்தால் வந்தவர்களுக்கு உணவு கொடுப்பவன், இல்லாவிட்டால் இருப்பதை அவர்களோடு சேர்ந்து உண்பவன், இல்லாதவர்களின் சுற்றத்துக்குத் தலைவன் என்கிறார். நுனி முறிந்த வேல்களுக்குச் சொந்தக்காரன் யார் என்று கேட்டால், தன் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்பதுதான் தூது போன கிழவி சொன்ன பதில்.

அதையே இன்று தொண்டை நாட்டில் வைக்கிறேன். மாதத்தில் ஒரு ராத்திரி, சொல்லாமல் கொள்ளாமல், ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸிலேயே ஏறி வாருங்கள். அந்தக் குழாயில் கை கழுவுங்கள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். தருமபுரியிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குப் போட்ட அதே சோற்றை, அதே சாம்பாரை, அதே தண்ணீரைச் சாப்பிட்டு எழுந்திருங்கள்.